பி எழுத்துக்குப் பக்கத்துல ஒரு சிவப்பு நாற்காலி

அன்புள்ள ஸ்டெல்லா, என்னைத் திட்டித் திட்டியே குதிரை ஓட்ட வெச்சவளே,

உன் தங்கச்சி ரோஸ் வந்திருந்தா. உன் முதலாம் வருச நினைவுக்கு ஒரு சின்னப் புத்தகம் போடறாங்களாம். "நீங்கதான் அக்காவுக்கு ரொம்ப நெருக்கம், நாலு வரி எழுதிக் குடுங்க"ன்னா. மத்தவங்க எல்லாரும் குடுத்துட்டாங்களாம். நீ எப்பேர்ப்பட்ட கணக்கு டீச்சர், எத்தனை புள்ளைகளைக் கரையேத்தி விட்டே, கோயில் பாட்டுக் குழுவுல உன் குரல் எப்படித் தனியாக் கேக்கும், எல்லாம் எழுதியிருக்காங்களாம். அத்தனையும் நெசம்தான், நான் இல்லைங்கல. ஆனா எனக்கு உன்னைப் புகழ மனசு வரல. எனக்கு உன்கூட ஒரு சண்டை பாக்கி இருக்கு.

சண்டைன்னா நேருக்கு நேர் போடணும். நான் ஒண்ணு சொல்ல, நீ மூக்குக் கண்ணாடியை எறக்கி விட்டுக்கிட்டு ஒண்ணு சொல்ல, கடைசியில ரெண்டு பேரும் காப்பி குடிக்கணும். காலேஜ் ஹாஸ்டல்ல ஒரே ரூம்ல இருந்த நாள்ல இருந்து அப்படித்தானே போட்டோம்? இப்ப நான் மட்டும் கத்திக்கிட்டு இருக்கேன். நீ பாட்டுக்குப் போத்தனூர்க் கல்லறைத் தோட்டத்துல உங்கப்பாவுக்குப் பக்கத்துல போய்ப் படுத்துட்டே. இது எந்த ஊர் நியாயம்?

இதைப் படிக்கிறவங்களுக்குக் கொஞ்சம் வெவரம் சொல்லிடறேன், நீ சித்தே பொறு.

எங்க தோட்டம் கிணத்துக்கடவுப் பக்கம். எங்க ஊட்டுக்காரர் ஒரு வருசம் அந்தியூர்க் குதிரைச் சந்தைக்கு வேடிக்கை பாக்கப் போனவரு, திரும்பி வரும்போது ஒரு செவலைக் குதிரையோட வந்து எறங்கினாரு. வாசல்ல குதிரை நின்னா ஊட்டுக்கு ஒரு கெத்துன்னு நெனச்சாரு. ஆறே மாசத்துல சலிச்சுப்போச்சு, குதிரை என் தலையில விழுந்துச்சு. தின்னுபோட்டு சும்மா நிக்கிறானேன்னு மைனர்னு பேரு வெச்சேன். அப்ப என் மகன் கோயமுத்தூர்ல குதிரையேற்றம் கத்துக்கிட்டிருந்தான். அவனைக் கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வந்துக்கிட்டு இருந்த நான், ஒரு நாள் சும்மா ஏறி உக்காந்து பாத்தேன். அவன் படிக்க வெளிநாடு போயிட்டான். நான் எறங்கவே இல்லை.

டிரஸ்ஸாஜ்னு ஒரு போட்டி இருக்குங்க. பந்தயம் மாதிரி ஓடறது இல்லை, வேலி தாண்டறதும் இல்லை. நாப்பது மீட்டர் நீளம், இருவது மீட்டர் அகலத்துல ஒரு கட்டம் போட்டு, சுத்தியும் இங்கிலீஷ் எழுத்து வெச்சிருக்கும். இந்த எழுத்துல நட, அந்த எழுத்துல துள்ளு நடை, இங்க ஒரு வட்டம், அங்க நில்லுன்னு ஒரு தாள் குடுப்பாங்க. அதும்படி, காலாலயும் கடிவாளத்தாலயும் சைகை குடுத்துக் குதிரையை நடத்திக் காட்டணும். ஒவ்வொண்ணுக்கும் பத்துக்கு இத்தனைன்னு மார்க், கடைசியில கூட்டி நூத்துக்கு இத்தனைன்னு வரும். கொரோனா வந்த காலத்துல எனக்கு இதை வீடியோவுல நடத்தறாங்கன்னு தெரிஞ்சுது. சொந்தத் தோட்டத்துலயே செஞ்சு படம் புடிச்சு அனுப்பினாப் போதும். எங்கியோ இங்கிலாந்துல ஒரு நடுவரம்மா உக்காந்து பாத்து மார்க் தாள் அனுப்புவாங்க.

எங்க ஊட்டுக்காரர் ஒரு நாள் பாத்துக்கிட்டே நின்னுட்டுக் கேட்டாரு: "ஏனம்மணி, இத்தினி நேரமாச் சுத்திச் சுத்தி வாரியே, இது எங்காச்சும் போய்ச் சேருமா?"

சேர வெச்சது நீதான் ஸ்டெல்லா. குதிரைன்னாலே நாலடி தள்ளி நிக்கிறவ நீ. ஆனா விதிமுறைத் தாளைக் கையில குடுத்ததும் சிவப்புப் பேனாவை எடுத்துக்கிட்டு உக்காந்துட்டே. ரிட்டையர் ஆகி ஊட்ல சும்மா இருந்தவளுக்கு அது புதுப் பாடப் புத்தகம் மாதிரி ஆயிப்போச்சு. ஞாயித்துக்கிழமை முதல் பூசை முடிஞ்ச கையோட பஸ் ஏறி வந்துருவே. தென்னந்தோப்புக்குப் பின்னால மேட்டு நிலத்தை டிராக்டர் விட்டு நெரவினோம். மூலை சரியா இருக்கணும்னு கயித்துல மூணு, நாலு, அஞ்சுன்னு அளந்து முடிச்சுப் போட்டு, வெயில்ல என்னையும் தோட்டத்தைப் பாத்துக்கிற பழனிச்சாமியண்ணனையும் நிக்க வெச்சு வேலை வாங்கினே. காலி பெயிண்ட் டப்பாவுல எழுத்து எழுதினதும் நீதான். பி எழுத்துக்கு வெளிய ஒரு புங்கமரம், அங்க மட்டும்தான் நெழல். உன் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி அங்க வந்துச்சு.

தாளைப் படிச்சுச் சொல்ல ஒரு ஆள் இருக்கலாம்னு விதி. நீ அங்கிருந்து "சி-யில இடது பக்கம்! ஈ-யில வட்டம்!"னு கத்துவே பாரு, முப்பத்தஞ்சு வருசம் அறுவது புள்ளைங்க இருந்த கிளாஸ்ல பேசின குரல் அது. பக்கத்துத் தோட்டத்துல தேங்கா போடறவங்களுக்கும் அது மனப்பாடம் ஆயிருச்சு.

அப்புறம் அந்த அறுவது. "அறுவது வந்தாத்தான் ஃபர்ஸ்ட் கிளாஸ். மைனருக்கு ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கிக் குடுக்காம நான் சாக மாட்டேன்"னு அடிச்சுச் சொன்னே. ஞாபகம் இருக்கா? அம்பத்தேழு வந்துச்சு, அம்பத்தெட்டு வந்துச்சு, ஒரு தடவை அம்பத்தொம்பது புள்ளி ஆறு வந்துச்சு. அன்னிக்கு நீ காப்பி கூடக் குடிக்காமப் பஸ் ஏறிட்டே.

மார்க் போறது எப்பவும் ஒரே இடத்துல. பி எழுத்தைத் தாண்டும்போது மைனர் தலையை வெளிப்பக்கம் திருப்புவான், நடை தடுமாறும். மத்த இடத்துல ஆறு, ஆறரை. அங்க மட்டும் நாலு. மார்க் தாள் உன் மெயிலுக்குத்தான் வரும். ஞாயித்துக்கிழமை நீதான் பிரிண்ட் எடுத்துட்டு வந்து சத்தமாப் படிப்பே. "பி-யில உன் இடது கால் தூங்குதாம் கோமு. நடுவர் எழுதியிருக்காங்க."

மூணு வருசம், ஸ்டெல்லா! மூணு வருசம் நான் என் இடது காலைப் போட்டு வதைச்சேன். காலையில செவுத்துல சாஞ்சு நின்னு பயிற்சி, ராத்திரி தைலம். எங்க ஊட்டுக்காரர் பழனிச்சாமியண்ணன்கிட்ட, "அம்மணிக்குக் கால்ல என்னமோ கோளாறு போல"ன்னு மெதுவாக் கேட்டிருக்காரு. என் காலே எனக்குப் பகையாளி மாதிரி ஆயிப்போச்சு.

அப்புறம் நீ போயிட்டே. வெள்ளிக்கிழமை போன்ல, "ஞாயித்துக்கிழமை புதுத் தாள் எடுத்தாறேன்"னு சொன்னவ, சனிக்கிழமை காலையில நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு உக்காந்தவ எந்திரிக்கல. ரோஸ் போன் பண்ணி அழுதப்பக்கூட எனக்கு முதல்ல வந்தது அழுகை இல்லை. "அறுவது வராம எப்படிப் போவா?"ன்னுதான் கேட்டேன். அவ பாவம், என்ன வயசுன்னு கேக்கறேன்னு நெனச்சுக்கிட்டு, அறுவத்தொண்ணுன்னு சொன்னா.

ரெண்டு மாசம் நான் குதிரைப் பக்கமே போகல. அப்ப மைனர் கால்ல கொஞ்சம் தாங்கி நடந்தான். கால்நடை டாக்டர் வந்து பாத்துட்டு, "முன்னங்கால் மூட்டு தேஞ்சு போச்சுங்க. சும்மா நடக்கலாம், போட்டியெல்லாம் இந்த சீசனோட நிறுத்திக்கங்க"ன்னாரு. அப்படின்னா உன் அறுவதுக்கு மிச்சம் இருந்தது ஒரே சீசன். சரி, எடுத்தே தீரணும்னு கெளம்பினேன்.

என்ன கெரகமோ, எதைத் தொட்டாலும் வெளங்கல. முதல் தடவை போனைப் பழனிச்சாமியண்ணன் கையில குடுத்தேன். நடுவுல வெட்டாம ஒரே மூச்சுல எடுக்கணும்னு விதி. பாதி நல்லாப் போச்சு. அப்ப அவரு, "ஏனுங்க அம்மணி, நில்லுங்க, வெளிநாட்ல இருந்து உங்க பையன் போனுங்க!"ன்னு காதுல வெச்சுப் பேச ஆரம்பிச்சுட்டாரு. வீடியோவுல அவரு காது மட்டும் தெளிவா விழுந்திருக்கு. அடுத்த தடவை முக்காலி வாங்கிப் போனை அதுல மாட்டினேன். ஒரு மயிலு தோகையை விரிச்சுக்கிட்டுக் கட்டத்துக்கு நடுவுலயே வந்து நின்னுபோடுச்சு. மைனர் என்னையும் தூக்கிக்கிட்டு மாட்டுக் கொட்டாய்க்கு ஓடிட்டான். மூணாவது தடவை எல்லாம் சரி, வீடியோ மேல ஏறல. கடைசி நாள் அது. மொட்டை மாடியில தண்ணித் தொட்டி மேல ஏறி நின்னு போனைத் தூக்கிப் புடிச்சேன். தொண்ணூத்தொம்பதுல நின்னுச்சு. அப்பக் கரண்ட் போச்சு.

நாலாவது தடவை எப்படியோ ஏறுச்சு. மார்க் தாள் உன் மெயிலுக்கே போச்சு, ரோஸ்தான் பாத்துப் போன்ல மார்க்கை மட்டும் சொன்னா: அம்பத்தேழு. பி-யில மூணு. இப்ப அவன் தலையைத் திருப்பறதோட நிக்கல, காலி நாற்காலிகிட்டப் போனதும் நின்னே போயிட்டான். நான் காலைப் போட்டு அமுக்கறேன், அசையல.

நாற்காலியை எடுத்துட்டுப் போய்க் கொட்டாய்ல போட்டுப் பாத்தேன். புங்கமரத்தடியைச் சுத்தி மோந்து பாத்துக் கனைச்சான் ஸ்டெல்லா. அந்தச் சத்தத்தை என்னால கேக்க முடியல. ஓடிப்போய் நாற்காலியைத் திரும்பக் கொண்டாந்து போட்டேன்.

அந்த வாரம்தான் ரோஸ் ஒரு ஃபைலைக் கொண்டாந்து குடுத்தா. உன் அலமாரியில இருந்துச்சாம். மேல உன் எழுத்துல 'மைனர்'னு எழுதி, வருச வாரியா அடுக்கி, மூணு வருச மார்க் தாளும் உள்ள இருந்துச்சு. நான் ஒரு தாளைக் கூடக் கையில வாங்கிப் படிச்சதில்லை, எல்லாம் நீ படிக்கக் கேட்டதுதான். முதல் தாளை எடுத்தேன். அடியில நடுவர் எழுதியிருக்காங்க. தமிழ்ல சொன்னா இதான்: 'அழகான ஜோடி. பி-யில நாற்காலியில இருக்கிற அம்மா, தின்பண்டத்தைச் சோதனை முடிஞ்ச பிறகு குடுக்கும்படி அன்போட கேட்டுக்கறேன்.'

எனக்குப் புரியல. அடுத்த தாளை எடுத்தேன். 'அந்த அம்மாவை மறுபடி பாத்ததுல சந்தோசம். தின்பண்டம் இப்பவும் சோதனைக்கு முன்னாடியேதான் வருது.' இன்னொண்ணுல, 'பி-யில இவனுக்கு ஒரு சிநேகிதி இருக்காங்க, மார்க் அங்கதான் போகுது.' அத்தனை தாளையும் பொரட்டினேன். என் இடது காலைப் பத்தி ஒரு எழுத்து இல்லை. ஒரு இடத்துல 'ஓட்டுபவரின் கால் உறுதி'ன்னு இருக்கு. அதுக்குக் கீழ சிவப்புப் பேனாவால கோடு வேற போட்டிருக்கே. அடிப்பாவி, கோடு போடத் தெரிஞ்சவளுக்கு வாயைத் தொறந்து படிக்கத் தெரியலையா?

உடனே பழைய வீடியோவை எல்லாம் தேடி எடுத்தேன். நான் எப்பவும், நடுவருக்குச் சல்யூட் வெச்சு ஆரம்பிக்கிற இடத்துல இருந்துதான் பாப்பேன். அதுக்கு முன்னாடி அஞ்சு நிமிசம் சும்மா ஓடிக்கிட்டிருக்கும். எல்லாரும் முன்னாடி பின்னாடி வெட்டிட்டுத்தான் அனுப்புவாங்க. உனக்குத்தான் விதின்னா விதியாச்சே. "வெட்டக் கூடாதுன்னா முன்னாடியும் வெட்டக் கூடாது"ன்னு ஒத்தக்கால்ல நின்னே. அந்த அஞ்சு நிமிசத்துல என்ன இருக்குன்னு நாம ரெண்டு பேரும் யோசிக்கவே இல்லை பாரு. இங்கிலாந்துல அந்தம்மா மட்டும் உக்காந்து முழுசாப் பாத்திருக்காங்க.

கல்லு மேல சாச்சு வெச்ச போனை அமுத்திட்டு நீ கேமராவுக்கு முதுகு காட்டி நடந்து போறே. வலது தோளைக் கொஞ்சம் எறக்கிக்கிட்டு, செருப்புல மண்ணு ஏறாம ஓரமா நடப்பியே, அதே நடை. தூரத்துல, கட்டத்துக்குள்ள நொழையற ஏ எழுத்துகிட்ட நான் திரும்பி நின்னு தலைக்கவசம் மாட்டிக்கிட்டிருக்கேன். மைனரைப் புங்கமரத்துல கட்டியிருக்கு. குதிரையைக் கண்டா நாலடி தள்ளி நிக்கிறவ, நேராப் போய் அவன் மூக்குகிட்ட நிக்கிறே. கைப்பையைத் தொறந்து கைக்குட்டையைப் பிரிக்கறே. அச்சுவெல்லம். ஒண்ணு. நான் திரும்பறேனான்னு ஒரு பார்வை. ரெண்டாவது. அவன் தின்னு முடிக்கிற வரைக்கும் அவன் நெத்தியில உன் கன்னத்தை வெச்சுக்கிட்டு நிக்கறே. ஒவ்வொரு வீடியோவுலயும் ஸ்டெல்லா, ஒண்ணு விடாம.

உன் கைப்பையில எந்நேரமும் எறும்பு. கேட்டா, "உங்க தோட்டத்துல எறும்பு சாஸ்தி"ன்னு என்னையே கொறை சொல்லுவே.

எனக்கு வந்த கோவத்துல போனைக் கட்டில் மேல வீசிட்டேன். அறுவது வரலைன்னு என்னைத் திட்டித் தீத்தியே, அந்த அறுவதைத் தின்ன விட்டதே நீதானே? தெரிஞ்சும் ஏன் நிறுத்தல? எங்கிட்ட ஏன் சொல்லல? சொன்னா நான் நாற்காலியை அந்தப் பக்கம் தூக்கிப் போட்டிருப்பேன்னு பயந்தியா? போட்டுத்தான் இருப்பேன். அது வேற விசயம். அப்புறம் திரும்ப அந்த வீடியோவை எடுத்து, நீ நடந்து போற எடத்தை மட்டும் எத்தனை தடவை பாத்தேன்னு எனக்கே தெரியாது. கண்ணு வீங்கிப்போச்சு. கோவம் மட்டும் கொறையவே இல்லை.

சீசன்ல கடைசியா ஒரு போட்டி பாக்கி இருந்துச்சு. அதுல ஒரு வகை, நாமளே நடைகளை அமைச்சுக்கலாம், பாட்டுக்குத் தகுந்த மாதிரி. படிச்சுச் சொல்ல ஆளு கிடையாது, எல்லாம் மனப்பாடமா ஓட்டணும். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படிச்சேன். அப்பத்தான் புத்தி வந்துச்சு. பி-யைக் கடந்து போகும்போது பாத்தாத்தானே தலை திரும்புது? பி-க்கு நேரா அவனைக் கொண்டுபோய் நிறுத்தினா? ஈ-யில திரும்பி, குறுக்கால நேரா நாற்காலியைப் பாத்தே நடந்து, நடுவுல நில்லு. அவன் எப்படியும் அங்க நிக்கத்தான் போறான். நின்னுட்டுப் போகட்டும்.

ரோஸ் உங்க கோயில் கீபோர்டுல வாசிச்சுப் பதிஞ்சு குடுத்தா. அவளை உக்கார வெச்சு, மைனர் நடக்கிற வீடியோவைப் போட்டுக் காட்டி, காலடிக்குத் தகுந்த மாதிரி வாசிக்கச் சொன்னேன். "அக்கா மாதிரியே வெரட்டறீங்க"ன்னா.

அன்னிக்கு நானே போனை அமுத்தினேன். ஏ-கிட்டப் பழனிச்சாமியண்ணன் மைனரைப் புடிச்சுக்கிட்டு நின்னாரு. நான் கேமராவுக்கு முதுகு காட்டி நடந்து போய், உன் நாற்காலி மேல விழுந்திருந்த புங்க இலையைத் தட்டி விட்டேன். வெல்லம் வெக்கல. முன்னாடி வெட்டவும் இல்லை. நீ சொன்ன விதிப்படியே.

ஈ-யில திரும்பினோம். நாற்காலியைப் பாத்ததும் ரெண்டு காதும் முன்னால குத்திட்டு நின்னுச்சு. நான் ஒண்ணுமே செய்யல, காலால அமுக்கக்கூட இல்லை. தானா நடந்து வந்து, நடுவுல நாலு காலும் சமமா வெச்சு நின்னான். மூணு வருசமா என்னென்னமோ செஞ்சும் அவன் அப்படி நின்னதில்லை. நின்னு மனசுக்குள்ள நாலு எண்ணணும். நான் ரெண்டுக்கு மேல எண்ணல, உன் நாற்காலியையே பாத்துக்கிட்டிருந்தேன். அவனும்தான்.

மார்க் தாள் போன வாரம் வந்துச்சு, இந்தத் தடவை என் மெயிலுக்கு. அறுவது புள்ளி எட்டு. ஃபர்ஸ்ட் கிளாஸ், ஸ்டெல்லா. நடுவுல நிறுத்தத்துக்கு எட்டு. இது வரைக்கும் நமக்கு எதுக்கும் எட்டு வந்ததில்லை. அதே நடுவரம்மாதான். எட்டுக்குப் பக்கத்துல எழுதியிருக்காங்க: 'நேராக, அமைதியாக, முழுக் கவனத்தோட. நாற்காலி இருக்கு. அந்த அம்மா எங்கே?'

ஒரு வாரமாச்சு, நான் இன்னும் பதில் போடல. கம்ப்யூட்டரைத் தொறந்து வெச்சுக்கிட்டு உக்காருவேன், மூடிட்டு எந்திரிச்சுப் போயிருவேன். கடல் தாண்டி ஒருத்தி உன்னை மூணு வருசமா ஜன்னல் வழியாப் பாத்த மாதிரி பாத்துக்கிட்டு இருந்திருக்கா. நீ வரலைன்னு தேடறா. நான் என்னன்னு சொல்லுவேன்?

ரோஸ் கேட்ட நாலு வரி இதுல எங்கியாச்சும் இருந்தா எடுத்துக்கட்டும். நாளைக்கு அந்தம்மாவுக்கு எழுதிடறேன், அந்த அம்மா தின்பண்டத்தைக் குடுத்து முடிச்சுட்டாங்கன்னு. மைனருக்கு இனிமேல் போட்டி இல்லை. ஞாயித்துக்கிழமை முதல் பூசை முடியற நேரத்துக்கு அவனைப் பி-கிட்ட நானே நடத்திக் கூட்டிட்டுப் போறேன். நாற்காலியை அங்கிருந்து எடுக்க மாட்டேன், மழைக்குக்கூட எடுக்க மாட்டேன். ரெண்டு அச்சுவெல்லம், அதுக்கு மேல கெடையாது. சத்தியம். மார்க் தாளைப் பிரிண்ட் எடுத்து உன் ஃபைல்ல கடைசியா வெச்சிருக்கேன். சிவப்புப் பேனாவும் அதுலயேதான் சொருகியிருக்கு. நீ கையெழுத்துப் போடற எடம் மட்டும் காலியாக் கெடக்கு.

உன் கூடப் பொறக்காத தங்கச்சி, இடது கால் நல்லாவே இருக்கிற,
கோமு